அழுகை பார்க்க வந்தவள்

அவள் செத்தவனின் பெண்டாட்டி பஞ்சவர்ணத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழும்போது அந்த வாய் ஒரு பக்கமாகக் கோணியது. முதலில் சத்தமே இல்லை. மூச்சு முழுக்கத் தீர்ந்து, திரும்ப உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம் வந்தது.

இதுதான் தெரியாமல் போயிற்று என்று நினைத்தாள். ஒத்திகையில் மூச்சை வெளியே விட்டு அழுதிருந்தாள். அதனால்தான் பொய்யாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். முதல் காட்சியிலேயே அவளுக்குப் புருசன் சாகிறான். நடிக்கச் சொல்லித் தருகிறவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "நீ அழுற. எங்களுக்கு ஒண்ணும் ஆகல. போயி ஒரு எழவு வீட்டுல உக்காந்துட்டு வா."

இந்த நாடகக்காரர்களுக்கு இது ஒரு வழக்கம். பைத்தியக்காரன் வேஷம் கிடைத்தால் பஸ் ஸ்டாண்டில் ஒரு பைத்தியத்தின் பின்னாலேயே திரிவார்கள். கேட்டால் பயிற்சி என்பார்கள். அந்தப் பைத்தியத்திடம் யாரும் கேட்பதில்லை.

இவளும் யாரிடமும் கேட்கவில்லை. சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் விலாசம் மட்டும் பார்த்தாள். ஒரு மாலை வாங்கினாள். வாசலிலேயே யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். வந்து பந்தலுக்குள் உட்கார்ந்துவிட்டாள். எழவு வீட்டில் யாரும் யாரையும் யார் என்று கேட்க மாட்டார்கள். அந்தத் தைரியம்.

வெளியூர்ச் சனம் வந்தது. பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லோரும் எழுந்தார்கள். வட்டமாக நின்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். யாரோ அவள் கையையும் பிடித்து இழுத்தார்கள்.

இழுத்து நிறுத்திய இடம் பஞ்சவர்ணத்துக்கு எதிரில்.

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

வந்தது.

நன்றாகவே வந்தது. உடம்பு குலுங்கியது. கண்ணீர் பஞ்சவர்ணத்தின் தோளில் விழுந்தது. உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். அந்தப் பந்தலில் வேறு யாரும் அப்படி அழவில்லை. கூடப் பிறந்த தங்கைகூட அழவில்லை.

பஞ்சவர்ணம் அழுவதை நிறுத்தினாள்.

"யாருத்தா நீ?"

"அண்ணன்கூட வேல பாத்தேங்க்கா."

செத்தவனின் தங்கை திரும்பினாள்.

"எங்கண்ணன் தள்ளுவண்டியில இஸ்திரி போட்டவரு. ஒத்த ஆளு வண்டி. அதுல நீ என்னத்த வேல பாத்த?"

ஒரு கிழவி வாயைச் சேலையால் மூடிக்கொண்டு இருமினாள். இருமலா சிரிப்பா, அது அவளுக்கே வெளிச்சம்.

 பஞ்சவர்ணம் வந்தவளின் நெற்றியைப் பார்த்தாள்.

பொட்டு இல்லை.

கையைப் பார்த்தாள். வளையல் இல்லை.

வேஷத்துக்குள் இருந்தபடியே வர வேண்டும் என்று வீட்டிலேயே அழித்திருந்தாள். வீட்டிலேயே கழற்றியிருந்தாள். புருசன் செத்தவள் எப்படி நடப்பாள், எப்படி உட்காருவாள் என்று பழகிக்கொண்டே வந்திருந்தாள்.

பஞ்சவர்ணத்தின் நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது. கடைசித் தடவை என்று பெரிதாக வைத்துவிட்டிருந்தார்கள். கை நிறைய வளையல்.

"காலனியில துணி சாஸ்தின்னு சொல்லுவாரு," என்றாள் பஞ்சவர்ணம். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "லைட்டு போட்டப்பறம்தான் வீடு வருவாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "துணி சாஸ்தியாம்," என்றாள்.

அப்போது அந்தக் கீழுதடு நடுங்கவில்லை. இறுகிப்போய், வெளுத்திருந்தது. அவள் அதையும் பார்த்தாள். பார்த்து வைத்துக்கொண்டாள். பாவி.

தன்னை யாரென்று நினைத்துவிட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது.

சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பொம்பளைக்குப் புருசனும் இல்லை, அவனோடு இருந்த காலமும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது. எந்தக் குரலில் சொல்வது. மனதுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பழக்கம்.

"அக்கா, அண்ணன எனக்குத் தெரியாது. நான் நாடகத்துல நடிக்கிறவ. அழுகுறதப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யாரு அழுகுறத?"

அவள் கண் பஞ்சவர்ணத்தின் வாய்க்குப் போனது.

"இந்தப் பொய்ய யோசிக்க இம்புட்டு நேரமா ஒனக்கு?" என்ற பஞ்சவர்ணம் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே கொட்டுச் சத்தம் ஏறியது. குளிப்பாட்டிப் பாடையில் வைத்துவிட்டார்கள். வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். தங்கை வந்து பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்தாள்.

"மதினி, எந்திரிங்க. நீங்க போட்டாத்தான் மத்தவுக போட முடியும்."

பஞ்சவர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மதினி."

"அவளப் போடச் சொல்லு."

 கொட்டு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தங்கை அழுதாள், கெஞ்சினாள், அண்ணன் மேல் சத்தியம் செய்தாள். பஞ்சவர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். நேரமாகிறது என்று ஆண்கள் சத்தம் போட்டார்கள்.

பெண்கள் ஒதுங்கி வந்தவளுக்கு வழி விட்டார்கள்.

ஓடியிருக்கலாம். வாசல் திறந்துதான் கிடந்தது. ஓடினால் பழி உறுதியாகும். நின்றாலும் அதேதான்.

யாரோ அவள் கையில் அரிசியை வைத்தார்கள். ஈர அரிசி.

வாய் எங்கே என்று பார்க்கக் குனிந்தாள்.

அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.