குறை சொல்லி வாங்கும் காளை

“சும்மா தந்தாலும் யோசிச்சுத்தான் கொண்டுபோவன், அண்ணை,” என்றான் சுரேன். “எங்கட வெள்ளைக் காளைக்குப் பக்கத்தில நிப்பாட்டினா உங்கட காளை கன்றுக்குட்டி.”

இராசலிங்கம் கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, காய்கறி போடலாமென்று ஜெர்மனியின் சவர்லாந்து மலைப்பக்கம் ஒரு பழைய பண்ணையை வாங்கியவர். சிவந்த உடம்பும் வெள்ளை முகமுமாக ஹெரஃபோர்ட் இனக் காளையொன்று பண்ணையோடு சேர்ந்து வந்தது. மாட்டின் நல்லது கெட்டது அவருக்குத் தெரியாது. இப்போது முழங்காலும் கைவிட்டதால் அதை விற்க நினைத்தார்.

சுரேனுக்கு அந்தக் காளை வேண்டும். கட்டாயம் வேண்டும். இறைச்சிக் கன்றுகளுக்காக நாற்பது பசுக்கள் வைத்திருக்கிறான். அவனுடைய ராட்சத வெள்ளைக் காளைக்குக் கன்றுகளும் ராட்சதமாகவே வந்தன. இந்த வசந்தத்தில் ஐந்து பசுக்களுக்கு வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுத்தார்கள், இரண்டு பசுக்கள் பிழைக்கவில்லை.

இன்னொரு வசந்தமும் இப்படித் தூக்கமில்லாமல் போனால் டுசல்டோர்ஃபிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி நிரஞ்சனா சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை; கொட்டாவி விட்டபடி சொன்னாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

ஆனால் சுரேன் யாழ்ப்பாணத்தில் புடைவைக்கடை நடத்தியவரின் மகன். பிடித்த பொருளைக் குறை சொல்லித்தான் வாங்குவான். இன்று நிரஞ்சனாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் தடவையாக வந்திருக்கிறான். காளையைக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. பார்த்தால் ஆசை கண்ணில் தெரிந்துவிடும்.

முற்றத்தில் மாடு ஏற்றும் பெட்டிவண்டி கழுவப்பட்டு, நீர் சொட்டச் சொட்ட நின்றது. மனுஷன் காளையை அனுப்பத் தயாராகிவிட்டார், இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் இறங்கி வருவார் என்று நினைத்துக்கொண்டான்.

“தம்பி, ஒரு விசயம்…” என்றார் இராசலிங்கம்.

“பொறுங்கோ அண்ணை, நான் முடிக்கிறன். இதின்ர கன்றுகள் பாரம் வைக்க நாள் எடுக்கும். கொழுப்பும் கூட. இறைச்சிக்காரன் மூஞ்சையைச் சுழிப்பான். இதின்ர மூஞ்சை வேற, சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள விழுந்து எழும்பினது போல.”

“ஓம், போன கிழமையும் சொன்னனீர்.”

“அதுக்கு முதல் கிழமையும் சொன்னனான். நீங்கள்தான் விலையில அசையிறியள் இல்லை.”

“இனி அசைஞ்சு என்ன, தம்பி,” என்றார் அவர் களைப்பாக.

காரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த நிரஞ்சனா நிமிர்ந்தாள். “இஞ்சேருங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ. எனக்கு இனி ஏலாது.”

சுரேன் கண்ணால் தடுத்தான். அவள் பார்க்கவில்லை.

“அண்ணை, இவர் சொல்லுறது ஒண்டையும் நம்பாதேங்கோ. உதின்ர கன்று சின்னனாப் பிறக்கும். பசு தன்ர பாட்டில ஈண்டுபோட்டு எழும்பி நக்கும். டொக்டர் வேண்டாம். வெறும் புல்லிலயே உடம்பு வைக்கும், தீனி வாங்கிக் கொட்டத் தேவையில்லை. குணமெண்டால் தங்கம். எங்கட வெள்ளையன் போன மாசம் இவரின்ர விலாவையெல்லோ முறிச்சவன்! வீட்டில விடிஞ்சாப் பொழுதுபட்டா உதின்ர புகழ்தான். என்னைக்கூட இவர் ஒருநாளும் இப்பிடிப் புகழேல்லை.”

சுரேன் வெட்கச் சிரிப்போடு கையை நீட்டினான்.

“சரி அண்ணை, பிடிபட்டிட்டன். நீங்கள் முதல் சொன்ன விலைதான். ஒரு சதமும் குறைக்கக் கேக்கமாட்டன். இண்டைக்கே ஏத்துவம்.”

இராசலிங்கம் அந்தக் கையைப் பற்றவில்லை.

“இண்டைக்குக் காலமைதான் கசாப்புக்குக் குடுத்திட்டு வந்தனான், தம்பி. இவ்வளவு குறையுள்ள மாட்டை எங்கட ஆளின்ர தலையில கட்டுவனே?”