நிற்கவா, ஓடவா

ஒரு புதுக் காரில் ஓர் இன்ஜின் இருந்தது. வண்டி சிக்னலில் நின்றால் அது தானாக அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் தானாகக் கிளம்பிவிடும்.

வண்டி ஓட்டிய ரெஜினாவுக்கு முதல் சிக்னலிலேயே எரிச்சல் வந்தது. "நடுரோட்டுல இப்படி அணைஞ்சா பயமா இருக்கு" என்று பொத்தானை அழுத்தி அந்த வசதியை நிறுத்திவிட்டாள்.

"நான் நின்னது தப்பாண்ணே?" என்று இன்ஜின் பேட்டரியைக் கேட்டது.

"தெரியலப்பா. நீ நின்னா ஏசி, பாட்டு எல்லாம் என் தலையில. ஆனா பெட்ரோல் மிச்சமாகும்னுதான் அவ இந்த வண்டியையே வாங்கினா."

அடுத்து ரயில்வே கேட்டில் நின்றார்கள். இன்ஜின் பயந்துபோய் இரைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அவள் அப்பா பின்சீட்டில் ஏதோ முனகினார். பக்கவாதம் வந்த பத்து நாளாக அவர் பேசியதே இல்லை. அது காதில் விழட்டும் என்று ரெஜினா அவசரமாக அதே பொத்தானை அழுத்தி, நிறுத்திய வசதியைத் திரும்பக் கொண்டுவந்தாள். இன்ஜின் அணைந்தது.

"என்னப்பா?"

"பசிக்குதும்மா."

அவள் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட் திறந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"கிளம்பட்டுமாண்ணே?"

"எனக்கும் புரியலப்பா. கொஞ்சம் சத்தம் போடாம இரு."