பிசாசுக்கு ஒரு முகம்
தெரணியகலைத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் சுவரில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு பிசாசை மிதித்து நிற்கிறார். ஓவியன் நிரோஷன் போனில் உள்ள ஒரு படத்தைப் பார்த்து அதை வரைகிறான். எழுநூறு வருடத்துக்கு முன் கையால் எழுதித் தங்கம் பூசிய வேதப் புத்தகத்தின் பக்கம் அது. வாசித்தவர்கள் வெறுப்பில் விரலால் தேய்த்துத் தேய்த்தே பிசாசின் முகத்தை அழித்துவிட்டார்கள். அதனால் நிரோஷனுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. மாதா படத்துக்கென்று சொல்லி கொழுந்து பறிக்கும் லூர்தம்மாளைச் சிரித்த முகமாய் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்திருக்கிறான். கொழுந்துக் கறை போகக் கை கழுவி, கல்யாணச் சேலையில் வந்திருக்கிறாள் அவள். அவள் பெயரை நிரோஷனிடம் சொல்லிவிட்ட தோட்டத்துப் பெண்கள் பின்னால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். "அப்படியே உரிச்சு வச்சிருக்குடி." லூர்தம்மாள் திரும்பிச் சுவரைப் பார்க்கிறாள். அவளுடைய மூக்கு, அவளுடைய கன்னத்து மரு, மேலே இரண்டு கொம்பு. "சிரிப்ப விட்டுடாதீங்க அக்கா," என்கிறான் நிரோஷன், "இன்னும் ரெண்டு பல்லு பாக்கி இருக்கு."