கோடு வரை எச்சில்

ஆஸ்பத்திரி ஜன்னலில் புகுந்த காலை வெயில் மேசைமேல் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. தங்கை கையிலுள்ள பிளாஸ்டிக் குழாயில் கோடு வரை எச்சில் சேர வேண்டும். பாதிகூட ஏறவில்லை. பக்கத்தில் அக்கா, பல வருஷமாகக் குடல் அழற்சியோடு மல்லுக்கட்டுகிறவள், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் மரபணுவில் கண்ட மாற்றம் தங்கைக்கும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த எச்சில். "இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்லம்மா. வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்" என்கிறாள் நர்ஸ். அந்த 'கொஞ்சம்' போதும், தங்கைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "கண்ண மூடுடி" என்கிறாள் அக்கா. "பச்ச மாங்கா. கத்தி இறங்குது, நறுக்குனு சத்தம் கேக்குதா? வெட்டின எடத்துல ஈரம் மினுங்குது. உப்பு, மேல மிளகாப்பொடி. ஓரத்தக் கடி, பல்லு கூசும், பரவால்ல." விரலால் காற்றில் உப்பைத் தொட்டு நீட்டுகிறாள். வயிறு ஒத்துக்கொள்ளாததையெல்லாம் படுக்கையில் கிடந்து நினைத்து நினைத்தே தின்று தீர்த்தவள்; ஒரு ருசியும் அவளிடம் தப்பாது. தங்கையின் தாடை ஓரம் சுரீரென்று இழுக்கிறது. வாயில் ஊற்று உடைகிறது. குழாயில் நுரை மடமடவென்று ஏறுகிறது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் ஒரு மடக்கு விழுங்குகிறாள். "போதும்மா, கோடு தாண்டிடுச்சு." தங்கை குழாயை நீட்டிவிடுகிறாள், ஆனால் கண்ணை மட்டும் திறக்கவில்லை. "இன்னொரு துண்டு குடு, அக்கா."