இரண்டு இடைவெளி

யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்ற அந்தத் திறந்த மென்பொருளில் அக்காவுக்கு எட்டு வருட உழைப்பு. தங்கை வந்து இரண்டே வருடம். நாளைய கூட்டத்தில் தங்கையைத் தலைவியாக்கப் போகிறார்களாம். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

பிழைப் புகார்களும் ரிவியூக்களும் பதிவாகும் பட்டியலை முழுக்க இறக்கி, எந்த ஃபைலை எத்தனை பேர் ரிவியூ செய்து சரிபார்த்தார்கள் என்று எண்ணினாள். முந்நூற்று நாற்பது ஃபைலில் ஒன்றை மட்டும் யாருமே பார்க்கவில்லை. பத்தொன்பது புகார்கள், ரிவியூ பூஜ்யம். எழுதியது தங்கை!

"மாட்டினியாடி!" என்று அறிக்கையைத் தட்டத் தொடங்கினாள்.

எதிர் மேசையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அதை நீதானேக்கா ரிவியூ பண்ணியிருக்கே?"

"கனவு கண்டியா?"

பட்டியலை மறுபடி திறந்தாள். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று. கீழே அக்காவின் பெயர். 'வரிக்கு வரி படித்தேன். என்னைவிட நன்றாக எழுதுகிறாள்.' முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி; அந்தப் பழக்கம் அக்காவைத் தவிர அங்கே யாருக்கும் கிடையாது. தேதி நாளையது. காலை பத்து நாற்பது.

"செத்தாலும் எழுத மாட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் பத்து முப்பத்தொன்பதுக்கு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, காப்பிக் கப்பை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்குக் கிளம்பிய தங்கை, "வரலையாக்கா?" என்றாள்.

"நீ போ."

மணி பத்து நாற்பது ஆனது. யாரும் தொடாத கீபோர்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கின. முற்றுப்புள்ளி விழுந்தது. பிறகு ஸ்பேஸ் பார், நிதானமாக, இரண்டு முறை.