அட்டைப்படத்தில் யார் முகம்

பாப்பிரெட்டிப்பட்டியில் தௌசீப் வீட்டு மாடி அறை. பாயில் நண்பர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் வாசல் வழியே வந்து லேப்டாப் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. நாளைக் காலை மொரப்பூர் ஸ்டேஷனில் இவர்கள் பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். ஆல்பத்தின் அட்டைப்படம்தான் இன்னும் முடியவில்லை. தௌசீப் அப்பாவின் பிளெக்ஸ் கடையில் டிசைன் பழகியவன். பழக்கதோஷத்தில், பாடியவள் முதல் டீ வாங்கி வந்தவன் வரை எல்லார் முகத்தையும் வட்டம் வட்டமாக வைத்துவிட்டான். போனில் பார்த்தால் கடுகு கொட்டியதுபோல் இருக்கிறது. "பாடுனவ மூஞ்சி மட்டும் போதும்டா," என்கிறான் கீபோர்டு வாசித்த பிரவீன். சொல்லிவிட்டுத் திரையில் தன் வட்டத்தையே பார்க்கிறான். தௌசீப் ஒவ்வொன்றாக அழிக்கிறான். பிரவீனின் வட்டத்தில் மட்டும் விரல் சற்று நின்று போகிறது. இப்போது நடுவில் பாடிய ஏஞ்சலின் மட்டும், பெரிதாக, சுற்றிலும் பூக்களோடு சிரிக்கிறாள். கீழே மிக்சி ஓடி நிற்கிறது.

"டேய், கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்குதுடா," என்கிறாள் ஏஞ்சலின். "எங்கம்மா பாத்தா மாரடிச்சு அழுவாங்க."

சிரிப்பு அடங்கியதும் தௌசீபின் கண் வாசலுக்குப் போகிறது. படிக்கு வெளியே, மஞ்சள் வெயிலில், எல்லார் செருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஊக்கு குத்திய அவனுடையதும் அடியில் தெரிகிறது. போனை எடுத்துக்கொண்டு குனிந்து, அந்தக் குவியலைப் படம் எடுக்கிறான். "இதுதான்டா நம்ம அட்டை."

"பேரு போட வேணாமாடா?" என்கிறாள் ஏஞ்சலின்.

"எதுக்கு? அவங்கவங்களுது அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

பிரவீன் போனை வாங்கிப் பார்க்கிறான். குவியலில் தன் நீல வாரைத் தேடி, கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைக்கிறான்.