ஊசிக்கு முன்னாடி

"ஏணியிலேர்ந்து விழுந்தார் சார். ஊசி போடறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே அந்தத் தோள் போயிடுச்சு."

சாட்சிக் கூண்டில் நின்று பெயிண்டரின் மனைவி இதைச் சொன்னதும் வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்த்தரப்பு சாட்சி இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவள் பெயிண்டருக்காக அவரே அழைத்து வந்த சாட்சி.

வழக்கு சிக்கலானது இல்லை. கட்டட கம்பெனியில் வேலையாட்கள் எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி போட்டார்கள். பெயிண்டருக்கு மட்டும் அது தோளின் உச்சியில், மூட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. நஷ்டஈடு கிடைத்தால் ஆபரேஷன் செய்யலாம், கை பழையபடி வந்துவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

ஊசிக்கு முன்னாடி கை நன்றாக இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. கூட வேலை பார்த்தவர்கள் கம்பெனிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது கட்டின பெண்டாட்டி ஒருத்தி. அந்த மகராசிதான் இப்போது நடுச்சபையில் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இவங்களைப் பிறழ் சாட்சின்னு அறிவிக்கணும். நானே குறுக்கு விசாரணை பண்றேன்" என்றார் வக்கீல். நீதிபதி தலையசைத்தார்.

வக்கீல் விறுவிறுவென்று போய்க் கூண்டுக்குப் பக்கவாட்டில் நின்றார். "எந்த ஏணி? எங்க விழுந்தார்?"

அவள் எங்கோ பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"என்ன, காது கேக்கலியா? இல்ல, அதுவும் நடிப்பா?"

"அவளுக்கு இடது காது பிறவியிலேயே கேக்காது சார். அந்தப் பக்கமா வந்து கேளுங்க" என்று பெயிண்டர் மெதுவாகச் சொன்னார். வலது கையை இடது கையில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். குடியைக் கெடுக்கிறவளுக்கும் பரிந்து பேசுகிற மனுஷன்! டைப்பிஸ்ட் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது.

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் வந்தார். "எந்த ஏணி?"

"வீட்டு ஏணி."

"எந்த ஆஸ்பத்திரியில காட்டினீங்க?"

"எங்கயும் காட்டல. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்."

"ஊசிக்கு முந்தின நாள்கூட அவர் மேல்கூரைக்கு பெயிண்ட் அடிச்சிருக்காரே?"

"வலியோடதான் அடிச்சார். வீட்டுக்கு வந்து முனகுவார்."

"என் ஆபீஸுக்கு வந்தப்ப இதையெல்லாம் ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லியே சார். நீங்களும் அவரும்தான் பேசினீங்க."

"கம்பெனிக்காரன் என்ன கொடுத்தான்?"

"நான் யார்கிட்டயும் கை நீட்டல."

"அப்ப யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஏன், எனக்கா எதுவும் தோணாதா?"

கம்பெனி வக்கீல் பேனாவை மூடிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் செய்ய வேண்டிய வேலையை அவளே கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பொய் சாட்சி சொன்னா ஜெயில் உண்டு, தெரியுமில்ல? ஊசிக்கு முன்னாடியே அந்தக் கை சரியில்லன்னு நிச்சயமா சொல்றீங்களா?"

அவள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நிச்சயமா, ஐயா."

மனு தள்ளுபடி ஆனது.

வெளியே வராந்தாவில் பெயிண்டரின் அக்கா வழிமறித்தாள். "உனக்குச் சோறு போட்ட கைடி அது! அது விளங்காமப் போகணும்னு நெனச்சியே, நீ உருப்படுவியா?" வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் ஒருவர் முகத்திலும் அவளுக்கு இரக்கம் இல்லை.

வக்கீல் கூட்டத்தை விலக்கி அவளை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனார்.

"கேஸை ஊத்தி மூடியாச்சு. நீங்க சொல்றது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். எனக்கு மட்டும் நிஜத்தைச் சொல்லுங்கம்மா. ஊசிக்கு முன்னாடி அவர் கை எப்படி இருந்துச்சு?"

அவள் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"நல்ல பலமா இருந்துச்சு சார். ஒரே அறையில இந்தக் காது போச்சு."